இடமும் நேரமும்: செய்மதிகள் வழிகாட்டும் விதம்



"நான் எங்கே நிற்கிறேன்?" என்ற வினாவும், "இப்பொழுது நேரம் என்ன?" என்ற வினாவும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். முன்னதற்கு விடை கூறுவது தேசப்படம். பின்னதற்கு விடை கூறுவது மணிக்கூடு. ஆயினும், கரை காணாத நடுக்கடலிலே செல்லும் மாலுமிக்கு இவை இரண்டும் வேறு வேறான வினாக்கள் அல்ல. நேரத்தைச் சரியாக அறிந்தவனே தான் இருக்கும் இடத்தையும் சரியாக அறிவான். இன்று நம்மவர் கைத்தொலைபேசியிலும், மீன்பிடி வள்ளத்திலும், ஆகாய விமானத்திலும் இடங்காட்டும் கருவி இருக்கின்றது. அதன் உள்ளே நடப்பது யாது என்று ஆராயப் புகுந்தால், அதுவும் இந்தப் பழைய உண்மையின் மீதே கட்டப்பட்டிருப்பதைக் காணலாம்.

முதலிலே பழைய முறையைச் சிறிது நோக்குவோம். வடக்குத் தெற்காக நாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைத் துருவ நட்சத்திரம் சொல்லிவிடும். பருத்தித்துறைக் கரையில் நிற்பவனுக்கு அந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 10 பாகை உயரத்திலே தோன்றும். இலங்கையின் தென்கோடியாகிய தேவேந்திரமுனையில் நிற்பவனுக்கு ஏறக்குறைய 6 பாகை உயரத்திலே தோன்றும். அந்த உயரமே அவ்வவ் இடத்தின் அகலக்கோடு. ஆனால், கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதை எந்த நட்சத்திரமும் தானாகச் சொல்லாது. பூமி சுழன்றுகொண்டே இருப்பதால், கிழக்கே தோன்றிய விண்மீன் சிறிது நேரத்தில் மேற்கே உள்ளவனுக்கும் அவ்வாறே தோன்றும். பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுழல்கின்றது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே, புறப்பட்ட துறைமுகத்து நேரத்தைக் காட்டும் நம்பகமான மணிக்கூடு ஒன்று கப்பலில் இருந்தால், அதனையும் உச்சிவேளையையும் ஒப்பிட்டு நெடுங்கோட்டைக் கணித்துவிடலாம். அந்த மணிக்கூடு ஒரு நிமிடம் பிழைத்தால், மத்திய கோட்டுப் பகுதியில் கப்பலின் இடம் ஏறக்குறைய 28 கிலோமீற்றர் பிழைத்துவிடும்.

இந்தப் பிழையின் விலை மனித உயிர். 1707 ஆம் ஆண்டிலே ஆங்கிலக் கடற்படைத் தலைவர் கிளவுட்ஸ்லி ஷவல் என்பவரின் கப்பல்களுள் நான்கு, தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துச் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி, அவரோடும் பெருந்தொகையான மாலுமிகளோடும் அழிந்தன. 1714 ஆம் ஆண்டில், நெடுங்கோட்டை அறியும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண் வரை பரிசு அளிக்கப்படும் என்று பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்த வழியைத் தன் கைத்திறத்தால் காட்டியவர் யோன் ஹரிசன் என்ற தச்சுத் தொழிலாளி. அவர் ஆக்கிய மணிக்கூடு 1761 ஆம் ஆண்டின் இறுதியில் யமேக்காத் தீவுக்குக் கப்பலேறியது. நெடும் பயணத்தின் முடிவில் அதன் பிழை சில செக்கன்களே என்று காணப்பட்டது.

ஹரிசன் கப்பலில் ஏற்றிய மணிக்கூட்டை, நம் காலத்தவர் ஆகாயத்தில் ஏற்றியிருக்கிறார்கள் என்று சொன்னால், இன்றைய பொருளின் சாரத்தைச் சொன்னதாகும். அஃது எங்ஙனம் நிகழ்ந்தது என்பதை இனிக் காண்போம்.

1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4 ஆந் திகதி, சோவியத்து நாடு ஸ்புட்னிக் என்னும் முதலாவது செய்மதியை ஏவிற்று. அமெரிக்காவின் யோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வில்லியம் கையர், யோர்ஜ் வைபன்பாக் என்னும் இருவர் அதன் வானொலிச் சைகையைக் கேட்டனர். நம்மை நோக்கி வரும் புகையிரதத்தின் ஊதல் உயர்ந்த சுரத்திலும், கடந்து சென்றபின் தாழ்ந்த சுரத்திலும் ஒலிப்பதைக் கேட்டிருக்கிறோம். செய்மதியின் சைகையிலும் அத்தகைய மாற்றம் இருந்தது. அந்த மாற்றத்தைக் கொண்டு, தாம் ஓரிடத்தில் இருந்தபடியே செய்மதி செல்லும் ஒழுக்கை அவர்கள் கணித்துவிட்டார்கள். 1958 ஆம் ஆண்டில், அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிராங் மக்கிளூர் என்பவர் அக்கணக்கைத் தலைகீழாக்கிப் பார்த்தார். நாம் இருக்கும் இடம் தெரிந்தால் செய்மதியின் ஒழுக்கு தெரிகின்றது. அப்படியாயின், செய்மதியின் ஒழுக்கு தெரிந்தால் நாம் இருக்கும் இடம் தெரிய வேண்டும் அல்லவா? இவ்வெண்ணத்திலிருந்து பிறந்ததே திரான்சிற் என்னும் முதலாவது செய்மதி வழிகாட்டு முறை. கடலின் அடியிலே உலாவும் ஏவுகணைக் கப்பல்களுக்காக அமைக்கப்பட்ட அம்முறை 1964 முதல் 1996 வரை பயன்பட்டது. ஆனால், ஒரு செய்மதி தலைக்கு மேலே வரும் வரை காத்திருக்க வேண்டும். விரைந்து செல்லும் விமானத்துக்கு அது உதவாது.

இக்குறையைத் தீர்ப்பதற்கு 1973 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வகுத்த திட்டமே இன்று ஜீ.பீ.எஸ். என்னும் மூன்று எழுத்துகளால் உலகெங்கும் அறியப்படுவது. அதன் முதற் செய்மதி 1978 ஆம் ஆண்டு பெப்ரவரியில் மேலே சென்றது. 24 செய்மதிகள் கொண்ட முறை முழுமை பெற்றதாக 1995 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அச்செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில், ஆறு ஒழுக்குத் தளங்களில், 11 மணி 58 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியை வலம் வருகின்றன. உலகின் எந்த மூலையில் நின்றாலும், வானம் மறைக்கப்படாதிருப்பின், குறைந்தது நான்கு செய்மதிகளேனும் அடிவானத்துக்கு மேலே இருக்கும்படி அவை பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன.

ஏன் நான்கு? இதனை விளக்க ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். நேரான தெரு ஒன்று. அதன் இரு முனைகளிலும் இரண்டு கோயில்கள். அவற்றுக்கிடையே உள்ள தூரம் 3,400 மீற்றர். ஒலி ஒரு செக்கனில் 340 மீற்றர் செல்வதாகக் கொண்டால், ஒரு கோயிலின் மணியோசை மற்றக் கோயிலை அடையப் 10 செக்கன் செல்லும். இரண்டு கோயில்களிலும் சரியாக ஆறு மணிக்கு மணி அடிக்கின்றார்கள். தெருவின் நடுவே எங்கேயோ ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்க. அவர் கையில் ஒரு மணிக்கூடு உண்டு. ஆனால், அது சரியான நேரம் காட்டுகிறதா என்பது அவருக்குத் தெரியாது. கிழக்குக் கோயில் மணி கேட்டபோது அவருடைய மணிக்கூடு ஆறு மணி 7 செக்கன் காட்டியது. மேற்குக் கோயில் மணி கேட்டபோது ஆறு மணி 9 செக்கன் காட்டியது.

அவர் தம்முடைய மணிக்கூட்டை அப்படியே நம்பினால், கிழக்கிலிருந்து 7 செக்கன் தூரம், மேற்கிலிருந்து 9 செக்கன் தூரம், ஆக மொத்தம் 16 செக்கன் தூரம் என்றாகும். ஆனால், இரு கோயில்களுக்கும் இடையிலான முழுத் தூரமே 10 செக்கன்தான். ஆகவே 6 செக்கன் மிகையாக இருக்கின்றது. இரண்டு அளவையிலும் அதே மணிக்கூட்டின் அதே பிழை புகுந்திருப்பதால், அந்த 6 செக்கனை இரண்டாகப் பங்கிட வேண்டும். எனவே அவருடைய மணிக்கூடு 3 செக்கன் முந்தி ஓடுகின்றது. உண்மையில் கிழக்கு மணியோசை வரச் சென்றது 4 செக்கன். மேற்கு மணியோசை வரச் சென்றது 6 செக்கன். அவர் கிழக்குக் கோயிலிலிருந்து 1,360 மீற்றர் தூரத்தில் நிற்கிறார். கண்ணைக் கட்டியிருந்தவர் தம்முடைய இடத்தையும் அறிந்தார். தம்முடைய மணிக்கூட்டையும் திருத்திக்கொண்டார்!

செய்மதி வழிகாட்டலின் கணக்கு முழுவதும் இதுவே. தெரு என்பது ஒரே திசை. அங்கே இடத்துக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று என இரண்டு மணிகள் போதும். நாம் வாழும் வெளிக்கு நீளம், அகலம், உயரம் என மூன்று திசைகள் உண்டு. அவற்றோடு நேரமும் சேர, அறிய வேண்டியவை நான்கு. ஆதலின் மணிகளும் நான்கு வேண்டும். ஒரு செய்மதியிலிருந்து நாம் இருக்கும் தூரம் தெரிந்தால், அதனை மையமாகக் கொண்ட ஒரு கோளத்தின் மேற்பரப்பில் எங்கோ இருக்கிறோம் என்று கொள்ளலாம். இரண்டாவது செய்மதியின் கோளம் முதற் கோளத்தை ஒரு வட்டத்தில் வெட்டும். மூன்றாவது கோளம் அந்த வட்டத்தை இரண்டு புள்ளிகளில் வெட்டும். அவற்றுள் ஒன்று பெரும்பாலும் பூமியின்மேல் இருக்க முடியாத இடமாக இருப்பதால் அதனைத் தள்ளிவிடலாம். நான்காவது செய்மதியோ, நம் கருவியிலுள்ள மலிவான மணிக்கூட்டின் பிழையைக் கண்டுபிடித்துத் தருகின்றது. நான்கு கோளங்களும் ஒரே புள்ளியில் ஒன்றுகூடும் வரை அப்பிழையைத் திருத்துவதே கருவியின் வேலை.

ஒலிக்குப் பதிலாக இங்கே செல்வது வானொலி அலை. அதன் வேகம், ஒளியின் வேகமாகிய செக்கனுக்கு 299,792,458 மீற்றர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் ஆதலின், வானொலி அலை நேரே வருமாயின், கொழும்பில் ஒலிக்கும் நேரக் குறிப்பொலி யாழ்ப்பாணத்தை அடையச் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு செல்லும். வீட்டில் மணிக்கூட்டைத் திருத்துபவருக்கு அது பொருட்டல்ல. ஆனால், இடம் அறிய விரும்புபவருக்கு அந்த ஆயிரத்தில் ஒரு பங்கே 300 கிலோமீற்றர். செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்காகிய நனோ செக்கன் பிழைத்தாலும் 30 சென்ரிமீற்றர் பிழைக்கும். நேர் மேலே உள்ள செய்மதியிலிருந்து சைகை நம்மை அடையச் செல்லும் நேரம் செக்கனில் ஏறக்குறையப் பதினைந்தில் ஒரு பங்கு.

இவ்வளவு நுட்பமான நேரத்தைக் கருவி எவ்வாறு அளக்கின்றது? ஒவ்வொரு செய்மதியும் தனக்கே உரிய ஓர் ஒழுங்கில் 1,023 துடிப்புகளைச் செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் ஒலிபரப்பி, அதனையே மீண்டும் மீண்டும் அனுப்புகின்றது. அவ்வொழுங்கு நம் கருவிக்கும் மனப்பாடம். இரண்டு தவில் வித்துவான்கள் ஒரே தீர்மானத்தை வாசிக்க, ஒருவர் சிறிது பிந்தி வாசிப்பதாக எண்ணுங்கள். அடிகள் ஒன்றோடொன்று பொருந்தா. பிந்தி வருபவரின் வாசிப்புக்கு ஏற்ப மற்றவர் தம் வாசிப்பைச் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டு போனால், ஓரிடத்தில் எல்லா அடிகளும் ஒன்றாக விழும். எவ்வளவு தள்ள வேண்டியிருந்ததோ அதுவே தாமதம். அவ்வாறே கருவியும் தன் பிரதியை நகர்த்தி நகர்த்தி, வந்த சைகையோடு பொருத்திப் பார்க்கின்றது. வேறு செய்மதியின் ஒழுங்கு இதனோடு பொருந்தாதாகையால், எல்லாச் செய்மதிகளும் 1575.42 மெகா ஹேட்ஸ் என்ற ஒரே மீடிறனில் பேசினாலும் குழப்பம் நேர்வதில்லை.

தூரம் தெரிந்தாற் போதாது. அச்சைகையை அனுப்பியபோது செய்மதி எங்கே இருந்தது என்பதும் தெரிதல் வேண்டும். அச்செய்தியைச் செய்மதியே துடிப்புகளோடு சேர்த்து அனுப்புகின்றது. தன் ஒழுக்கின் விபரத்தையும் மணிக்கூட்டின் திருத்தத்தையும் 30 செக்கனுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கூறுகின்றது. செய்மதிக்கு அதனைக் கற்பிப்பவர்கள் பூமியில் உள்ள நிலையத்தார். பல நாடுகளிலும் தீவுகளிலும் அமைந்த கண்காணிப்பு நிலையங்கள், அவற்றுள் நமது இந்து சமுத்திரத்தில் உள்ள டியேகோ கார்சியாத் தீவும் ஒன்று, செய்மதிகளை இடையறாது கேட்டபடி இருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள தலைமை நிலையம் அவ்வளவைகளைக் கொண்டு புதிய கணிப்பைச் செய்து மேலே அனுப்புகின்றது.

செய்மதியில் உள்ள மணிக்கூடுகள் சீசியம், றுபீடியம் என்னும் தனிமங்களின் அணுக்களால் நடப்பவை. சீசியம் அணுவின் ஒரு குறித்த கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிரும் காலமே ஒரு செக்கன் என்று 1967 ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இத்தகைய மணிக்கூட்டை மேலே ஏற்றியபோது வேறொரு வியப்பு எதிர்ப்பட்டது. விரைந்து செல்லும் மணிக்கூடு மெதுவாக நடக்கும் என்றும், ஈர்ப்பு குறைந்த இடத்திலுள்ள மணிக்கூடு விரைவாக நடக்கும் என்றும் ஐன்ஸ்ரைன் தமது சார்புக் கொள்கையிலே கூறினார். செக்கனுக்கு ஏறக்குறைய 3.9 கிலோமீற்றர் வேகத்தில் செல்வதால் செய்மதியின் மணிக்கூடு ஒரு நாளில் 7 மைக்கிரோ செக்கன் பிந்தும். உயரத்தில் இருப்பதால் 45 மைக்கிரோ செக்கன் முந்தும். முடிவில் நாளொன்றுக்கு 38 மைக்கிரோ செக்கன் முந்துதல் மிகுதி. ஒளி அந்த நேரத்தில் 11 கிலோமீற்றருக்கு மேல் சென்றுவிடும்!

1977 ஆம் ஆண்டில் முன்னோட்டச் செய்மதி ஒன்றிலே சீசிய மணிக்கூட்டை வைத்து அனுப்பியபோது, இத்திருத்தம் உண்மையில் வேண்டுமா என்பதில் சிலர் ஐயங்கொண்டிருந்தனர். ஆதலின், திருத்தும் சாதனத்தைப் பொருத்தி, அதனை இயக்காமலே வைத்தார்கள். ஏறக்குறைய 20 நாட்கள் அளந்து பார்த்தனர். கொள்கை கூறிய வேறுபாடு இலட்சம் கோடியில் 446.5 பங்கு; அளவையில் கண்டது 442.5 பங்கு. அதன்பின் ஐயம் ஏது? இன்று செய்மதியின் மணிக்கூட்டுச் சுற்று 10.23 மெகா ஹேட்ஸ் என்ற மீடிறனுக்குச் சிறிதே குறைவாக, 10.22999999543 என்ற அளவில், தரையிலேயே அமைக்கப்பட்டு மேலே அனுப்பப்படுகின்றது. காகிதத்தில் பிறந்த ஒரு கொள்கை, இன்று வழிப்போக்கனுக்குத் தெரு காட்டும் வேலையில் அமர்ந்திருக்கின்றது.

வழியிலும் தடைகள் உண்டு. பூமிக்கு மேலே மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள் நிறைந்த அயன்மண்டலம் என்னும் படை சைகையைத் தாமதிக்கச் செய்கின்றது. அத்தாமதம் மீடிறனுக்கு மீடிறன் வேறுபடும். ஆகவே, இரண்டு மீடிறன்களில் வரும் சைகைகளை ஒப்பிட்டு அதனை நீக்கிக்கொள்ளலாம். நம் நாடு பூமியின் காந்த மத்திய கோட்டுக்கு அணித்தாய் இருப்பதால், அந்தி சாய்ந்தபின் அப்படை குலைந்து சைகை மினுங்குவது இப்பகுதிகளில் சிலபோது நிகழும். உயர்ந்த கட்டிடங்களில் பட்டுத் தெறித்து வரும் சைகையும் கருவியை ஏமாற்றும். இவ்வளவையும் கடந்து, திறந்த வெளியில் ஒரு கைத்தொலைபேசி ஏறக்குறைய 5 மீற்றருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகின்றது. நில அளவையாளரின் நுண்ணிய கருவியோ சென்ரிமீற்றர் அளவுக்குச் சொல்லும்.

ஆனால், "இடம்" என்று நாம் எதனைக் கருதுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கிறீனிச் வானாய்வு நிலையத்திலே, சுழியம் பாகை நெடுங்கோடு என்று நிலத்தில் பதித்த கோட்டின்மேல் நின்று செய்மதிக் கருவியைப் பார்த்தால், அது சுழியம் காட்டாது. 102 மீற்றர் கிழக்கே சென்றாற்றான் காட்டும். பழைய வானியலாளர் தம் கருவியை நிறுத்தத் தூக்குக் குண்டை நம்பினர். அந்த இடத்தின் ஈர்ப்பு அக்குண்டைப் பூமியின் மையத்தை நோக்கி நேராகத் தொங்கவிடவில்லை. செய்மதி முறையோ பூமியின் மையத்தையே அடிப்படையாகக் கொண்டது.

இதனினும் வியப்பானது நமது வாயிலிலேயே இருக்கின்றது. செய்மதிக் கருவி உயரத்தை அளப்பது, ஒழுங்கான நீள்கோளமாகக் கற்பனை செய்யப்பட்ட பூமியிலிருந்து. உண்மைக் கடல் மட்டமோ ஈர்ப்புக்கு ஏற்ப மேடும் பள்ளமும் உடையது. உலகிலேயே மிக ஆழ்ந்த அத்தகைய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கின்றது. அதன் ஆழம் 100 மீற்றருக்குச் சிறிது மேல். ஆகவே, நம் கடற்கரையில் நிற்பவர் ஒருவர், திருத்தம் செய்யாத கருவியைப் பார்த்தால், தாம் ஏறக்குறைய 100 மீற்றர் கீழே அமிழ்ந்து நிற்பதாக அது கூறும்! கருவி பொய் சொல்லவில்லை. கேட்ட வினாவுக்கே விடை சொன்னது. கடல் மட்ட உயரம் வேண்டுமாயின், அந்தப் பள்ளத்தின் அளவை அறிந்து கூட்டிக்கொள்ளல் வேண்டும். நீர்ப்பாசன வாய்க்கால் வெட்டுபவரும் தெரு அமைப்பவரும் இதனை மறத்தல் ஆகாது.

மற்றோர் ஐயத்தையும் இங்கே தீர்த்துக்கொள்வது நன்று. செய்மதி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. அது நமது வானொலி நிலையம் போன்றது: ஒலிபரப்புகின்றது, கேட்போர் யார், எத்தனை பேர் என்பதை அறியாது. இடங்காட்டும் கருவி கேட்பது மாத்திரமே செய்கின்றது. நாம் இருக்கும் இடத்தைப் பிறர் அறிகின்றார் என்றால், நம் கைத்தொலைபேசி அதனைத் தொலைபேசி வழியாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு வானத்துக்கு உரியதன்று.

இராணுவத்துக்கென ஆக்கிய இம்முறை பொதுமக்களின் கைக்கு வந்ததற்கும் ஒரு துயரமே காரணம். 1983 ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதலாந் திகதி, தென்கொரியப் பயணி விமானம் ஒன்று பாதை விலகிச் சோவியத்து எல்லைக்குள் புகுந்து, சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். தாம் பாதை விலகியதை விமானிகள் அறியவில்லை. அம்மாதமே, இச்சைகைகள் நிறைவெய்தியபின் எல்லா நாட்டுப் பயணி விமானங்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. ஆயினும், பொதுமக்களுக்குரிய சைகையில் வேண்டுமென்றே ஒரு பிழை சேர்க்கப்பட்டிருந்தது. 2000 ஆம் ஆண்டு மே மாதத்திலேயே அது நீக்கப்பட்டது. இன்று உருசியாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, 2020 ஆம் ஆண்டில் உலகளாவியதாக நிறைவெய்திய சீனாவின் பெய்டூ ஆகியனவும் உள்ளன. இந்தியாவும் யப்பானும் தத்தம் பிராந்தியங்களுக்கென முறைகளை அமைத்திருக்கின்றன. புதிய கருவிகள் பல முறைகளையும் ஒருங்கே கேட்கின்றன.

இடத்தைவிட நேரத்துக்காகவே இன்று இச்செய்மதிகளைப் பலர் நம்பியிருக்கின்றனர் என்பதைப் பொதுமக்கள் அறிவதில்லை. தொலைபேசிக் கோபுரங்கள் ஒத்து இயங்கவும், மின்வலைப் பின்னலில் கோளாறு எங்கே நேர்ந்தது என்று காணவும், வங்கிகளின் கொடுக்கல் வாங்கலுக்கு நேர முத்திரை இடவும் இவற்றின் நேரமே பயன்படுகின்றது. 2016 ஆம் ஆண்டு யனவரி 26 ஆந் திகதி, பழைய செய்மதி ஒன்றைச் சேவையிலிருந்து நீக்கியபோது, நேரத் திருத்தம் பற்றிய தவறான தரவு ஏனைய செய்மதிகள் சிலவற்றுக்குச் சென்றுவிட்டது. பிழை ஏறக்குறைய 13 மைக்கிரோ செக்கனே. இடங்காட்டலுக்கு அதனால் கேடில்லை. ஆயினும் தொலைத்தொடர்பு நிலையங்களில் எச்சரிக்கை மணிகள் ஒலித்தன. பிரித்தானியாவில் இலக்கமுறை வானொலி ஒலிபரப்பும் இடையூறுற்றது. 2019 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே கலிலியோ முறை ஏறத்தாழ ஒரு வார காலம் செயலற்றிருந்தது. செய்மதிகள் பழுதடையவில்லை, தரையிலிருந்து அவற்றுக்குக் கணிப்பு அனுப்பும் அமைப்பே பழுதுற்றது.

மேலும், செய்மதியின் சைகை மிக மிக மெலிந்தது. 20,000 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து, வீட்டு மின்குமிழ் போன்ற வலுவோடு புறப்பட்டு, நம்மை அடையும்போது வாட்டின் கோடி கோடியில் ஒரு பங்கின் நூறில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுகின்றது. ஆதலின், அருகிலே ஒரு சிறிய கருவியைக் கொண்டு அதனை மூழ்கடிப்பதும், பொய்ச் சைகை அனுப்பிக் கப்பலையும் விமானத்தையும் ஏமாற்றுவதும் எளிது. போர் நடக்கும் பிரதேசங்களுக்கு அருகே இவை இன்று அடிக்கடி நிகழ்கின்றன. இதனை உணர்ந்துதான் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி, தான் முன்னர் கைவிட்ட நட்சத்திரம் பார்த்து வழியறியும் பாடத்தை 2015 ஆம் ஆண்டில் மீண்டும் மாணவருக்குக் கற்பிக்கத் தொடங்கிற்று.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் யாது? கருவியை ஐயுற்று ஒதுக்கிவிட வேண்டும் என்பதன்று. பல நாள் கடலில் தங்கித் தொழில் செய்யும் நம் மீனவருக்கு அது பெரும் துணை. ஆபத்துக் காலத்தில் தாம் இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்ல முடிவதே ஓர் உயிர்க்காப்பு. ஆனால், அக்கருவியின் திரையில் தோன்றும் எண், நான்கு மணிக்கூடுகளும், ஒரு கணிதமும், தரையில் உறங்காது விழித்திருக்கும் மனிதர் பலரும் ஒத்துச் சொல்லும் சாட்சியம் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். சாட்சியம் நல்லதேயாயினும், அறிவுடையோன் வேறொரு சாட்சியையும் விசாரித்தே தீர்ப்புச் செய்வான். வள்ளத்தில் திசையறி கருவி ஒன்றும் இருக்கட்டும். துருவ நட்சத்திரம் எது, எந்த மாதத்தில் நீரோட்டம் எப்பக்கம் ஓடும் என்பவற்றைத் தந்தையர் மைந்தருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். மின்கலம் தீர்ந்த இரவிலும், சைகை மறைந்த வேளையிலும், அந்த அறிவே கரை சேர்க்கும்.